77 குறிகளில் ஓர் ஊர்

கொல்லங்கோடு என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், நெல்வயலும் பனைமரமுமாகப் பரந்து கிடப்பது. மற்றது கன்னியாகுமரி மாவட்டத்தில், பத்திரகாளி கோவிலின் தூக்கத் திருவிழாவுக்குப் பேர்போனது. 1956 நவம்பர் 1 அன்று, ஒரே நாளில், இரண்டும் மாநிலம் மாறின. மலபார் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் இருந்த பாலக்காட்டுக் கொல்லங்கோடு கேரளத்துக்குப் போயிற்று. திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த குமரிக் கொல்லங்கோடு விளவங்கோடு தாலுகாவோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது. பெயர் அப்படியே இருந்தது.

அந்தப் பெயர் தன் உருவை மாற்றிக்கொண்டது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, கணினிக்குள். கொல்லங்கோடு என்பது தாளில் ஆறு எழுத்து. அதே பெயர் ஓர் இணையப் பக்கத்தின் பின்னால், கணினி படிக்கும் மூலநிரலில், ஒரு காலத்தில் 12 ஆங்கிலக் குறிகளாக இருந்தது. பிறகு 10 பைட்டுகளாகச் சுருங்கிற்று. பிறகு 77 குறிகளாக வீங்கிற்று. கடைசியில் 33 பைட்டுகளில் வந்து நின்றபோதுதான், மூலநிரலைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கும் அது கொல்லங்கோடு என்றே தெரிந்தது. தமிழ் இணையப் பக்கத்தை ஆக்கும் தொழிலின் வரலாற்றை இந்த நான்கு எண்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பின்பக்கத்தைப் படிக்கிறவர்

அச்சுக்கூடத்தில் ஈய எழுத்து கோத்த காலத்தில், கோத்த பக்கம் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திரும்பியிருக்கும். வாசகருக்கு அது விளங்காது. கோக்கிறவர் மட்டும் அதை அப்படியே படிப்பார். தலைகீழாய் நிற்கும் ஒரு ‘ழ’வைத் தாளில் ஏறும் முன்பே எடுத்து மாற்றுவார். இணையப் பக்கத்துக்கும் இப்படி ஒரு பின்பக்கம் உண்டு. கணினியில் கண்ட்ரோல் விசையோடு ‘யூ’வை அழுத்தினால் பெரும்பாலான பிரவுசர்கள் அதைத் திறந்து காட்டும். எச்டிஎம்எல் என்னும் அந்த எழுத்துமுறையை ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்தபோது, அது மனிதர் கையால் எழுதி மனிதர் கண்ணால் படிக்கக் கூடியதாகவே இருந்தது. முதல் தலைமுறைக்காரர்கள் தொழில் கற்றதும் அப்படித்தான். பிடித்த பக்கத்தைத் திறப்பது, பின்பக்கத்தைப் பார்ப்பது, அது போல எழுதிப் பார்ப்பது.

கையால் எழுதிய பக்கம் எழுதியபடியே இருக்கும். தேதி மாற, செய்தி மாற, கேட்பவருக்கேற்ற பதில் வர வேண்டுமென்றால், பக்கத்தை ஒரு நிரல் அந்தந்த நேரத்தில் எழுதித் தர வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ மையம் 1993இல் அதற்கொரு வழி வகுத்தது. சிஜிஐ என்று பெயர். சர்வர் ஒரு நிரலை ஓட்டும்; நிரல் எச்டிஎம்எல் வரிகளை அச்சிட்டுத் தள்ளும்; அது பிரவுசருக்குப் போகும். 1995 ஜூன் 8 அன்று ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்ற நிரலாளர் பிஎச்பி கருவிகளை வெளியிட்டார். எச்டிஎம்எல் பக்கத்துக்கு நடுவிலேயே நிரலைச் செருகி எழுதும் பழக்கம் அதன் வழியாகத்தான் உலகெங்கும் பரவியது.

அதோடு பின்பக்கத்தின் அழகும் கெட ஆரம்பித்தது. நிரல் எழுதும் பக்கத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. முன்பக்கம் சரியாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். நிரலும் எச்டிஎம்எல்லும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்கும். பிஎச்பி தன் முடிவுக்குறிக்கு அடுத்து வரும் ஒரு வரி முறிவை விழுங்கிவிடும்; எழுதியவர் தனித்தனி வரியாக வைத்தவை சர்வரிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வரும். இதெல்லாம் எல்லா மொழிக்காரர்களுக்கும் இருந்த தொல்லை. தமிழுக்கு இதற்கு மேல் ஒன்று இருந்தது. பின்பக்கத்தில் தமிழே இல்லை.

பன்னிரண்டு குறிகள்

1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தளம் வந்தது. அதில் தமிழை ஏற்றியவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தமிழ் இணையத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்தத் தளத்தையும் அவருடைய ‘கணியன்’ முறையையும் சொல்லாமல் தாண்டுவதில்லை. அதே ஆண்டுகளில் மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ எழுத்துரு, ஆஸ்திரேலியாவில் பாலா பிள்ளையின் தமிழ்.நெட் என்று வேலை பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தது.

வேலை செய்தவர்கள் பலர்; வழி பெரும்பாலும் ஒன்றுதான். கணினிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலம் தெரியும். ஆகவே ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருவைத் தயாரித்தார்கள். கணினி ‘எஃப்’ என்று நினைத்துக்கொள்ளும். திரையில் ‘க’ தெரியும்.

ஈழத் தமிழர்களிடையே பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம். அதில் தமிழ் என்று எழுதிவிட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவை வரிசையாக நிற்கும். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. கொல்லங்கோடு என்பது என், எஃப், எச், ஒய், அரைப்புள்ளி, ஒய், க்யூ, அரைப்புள்ளி, பெரிய என், எஃப், எச், பெரிய எல். மொத்தம் 12.

இதிலொரு பொறி ஒளிந்திருந்தது. பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ இருக்கும். ஷிஃப்ட்டோடு அதே விசையை அழுத்தினால் ‘ஈ’. ஆங்கில விசைப்பலகையில் ஷிஃப்ட்டும் காற்புள்ளியும் சேர்ந்தால் வருவது இடப்பக்கம் கூரான கோணக்குறி. எச்டிஎம்எல்லில் ஒவ்வொரு கட்டளையையும் திறக்கும் குறியும் அதேதான். காற்புள்ளி தன் இடத்தை ‘இ’க்குக் கொடுத்துவிட்டதால், பாமினியில் காற்புள்ளியாக நின்றது வலப்பக்கம் கூரான கோணக்குறி. எச்டிஎம்எல்லில் அது கட்டளையை மூடும் குறி.

இப்போது ‘ஈரோடு, கோவை, கொல்லங்கோடு’ என்று ஒருவர் பாமினியில் அடித்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் இருக்கும் நிரல் அதை அப்படியே பக்கத்தில் கொட்டினால், ‘ஈ’ ஒரு கட்டளையைத் திறக்கும், ‘ரோடு’ அந்தக் கட்டளையின் பெயராகும், காற்புள்ளி அதை மூடும். பிரவுசருக்கு அப்படியொரு கட்டளை தெரியாது, பேசாமல் விட்டுவிடும். திரையில் ஈரோடு இருக்காது. கோவையிலிருந்துதான் பட்டியல் தொடங்கும். ஈழம் என்று தொடங்கிய வாக்கியத்தில் அடுத்த காற்புள்ளி எட்டாவது சொல்லுக்குப் பின் வந்தால், அதுவரைக்கும் எல்லாமே காணாமல் போகும். கோணக்குறியை அதன் மாற்றுக்குறியாக எழுதித் தரும் செயற்கூறு பிஎச்பியில் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அதை மறந்தால் ஆண்டுக்கொரு முறை அகப்படுவார். பாமினியில் எழுதுகிறவர் முதல் ‘ஈ’யிலேயே அகப்படுவார்.

பத்து பைட்டுகள்

இந்தப் பொறியைத் தவிர்க்க இருமொழி எழுத்துருக்கள் வந்தன. ஆங்கிலத்தின் முதல் 128 இடங்களைத் தொடாமல், 128 முதல் 255 வரையிலான மேல்வரிசையில் தமிழ் உருவங்களை அடுக்கினார்கள். இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் வகுத்த டிஸ்கி என்னும் தகுதரம் இந்த வகையைச் சேர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலையிலும் டிஸ்கியிலும் தமிழ் நூல்களை ஏற்றியது. அங்கே முதலில் ஏறிய நூல் திருக்குறள். தமிழக அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் கூட்டிய தமிழிணைய மாநாட்டின் வழியாக டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தகுதரமாக்கியது. ஆக, ஒரு பக்கம் டிஸ்கி, ஒரு பக்கம் டாம், டாப். பத்திரிகைகள் பலவும் தங்கள் அச்சுக்கோப்புக்கு வாங்கிய எழுத்துருவையே இணையத்திலும் வைத்துக்கொண்டன. ஒரே ‘க’வுக்குத் தளத்துக்குத் தளம் வேறு எண்.

டிஸ்கியில் கொல்லங்கோடு 10 பைட்டுதான். சிக்கனம் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் அதில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் நிற்கவில்லை, பார்க்கும் வரிசையில் நின்றன. ‘கொ’ என்பது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். அகரவரிசைப்படுத்தச் சொன்னால் கொல்லங்கோடு ககரத்தில் சேராது. எல்லாக் கொம்புச் சொற்களோடும் சேர்ந்து எங்கோ ஒரு மூலையில் கிடக்கும்.

சர்வர் எழுதும் பக்கத்தின் நிலை இன்னும் மோசம். எந்தத் தமிழ் வரியையும் எழுத்துருவின் பெயர் சொல்லும் ஃபாண்ட் கட்டளைக்குள் பொதிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் திரையில் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை தெரியும். அன்றைக்குப் பக்கங்களைக் கட்டங்கட்டமாக, டேபிள் போட்டு அமைப்பது வழக்கம். நெட்ஸ்கேப் 4 பிரவுசரில் வெளியே சொன்ன எழுத்துரு கட்டத்துக்குள் செல்லாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதே ஃபாண்ட் கட்டளையை நிரல் மீண்டும் மீண்டும் எழுதியது. பத்து பைட்டு ஊர்ப் பெயரைக் காட்ட அதைவிடப் பல மடங்கு நீளமான கட்டளை முன்னும் பின்னும் நின்றது.

எழுத்துரு இல்லாத கணினிக்கு அதை இறக்கித் தருவதற்காக நகரும் எழுத்துருக்கள் வந்தன. நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகைக் கோப்பு, இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இன்னொரு வகைக் கோப்பு. வந்தவர் எந்தப் பிரவுசரில் வந்திருக்கிறார் என்று பார்த்து இரண்டு விதமாகப் பக்கம் எழுதும் சர்வர்களும் இருந்தன. பக்கம் தன்னை எந்த மொழிக் குறியேற்றம் என்று சொல்லிக்கொண்டது? பல பக்கங்கள் ‘பயனர் வரையறுத்தது’ என்று சொல்லி நழுவின. சில, மேற்கு ஐரோப்பிய மொழி என்றே சொல்லிக்கொண்டன. தேடுபொறி அந்தச் சொல்லை நம்பியது. தமிழைத் தமிழ் என்று அதற்குத் தெரியவில்லை.

எழுபத்தேழு

யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. ‘க’ என்றால் 2965, ‘ல’ என்றால் 2994, புள்ளிக்கு 3021. ஆனால் வீட்டுக் கணினியில் இந்த எண்களைத் தமிழாகக் காட்டும் வசதி விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு வந்தது. 1997 டிசம்பரில் வெளியான எச்டிஎம்எல் 4.0, பக்கம் எந்தக் குறியேற்றத்தில் இருந்தாலும் யூனிகோடு எண்ணைச் சொல்லி எழுத்தைக் காட்டலாம் என்று விதித்திருந்தது. முன்னால் உம்மைக்குறியும் எண்குறியும், நடுவில் எண், கடைசியில் அரைப்புள்ளி. ‘க’ என்பது &#2965; ஆயிற்று.

இது பழைய சர்வர்களுக்கு வசதியாகப் போயிற்று. எல்லாமே ஆங்கில எண்ணும் குறியும்தான். எந்தச் சர்வரும், எந்தத் தரவுத்தளமும், எந்த மின்னஞ்சலும் இதைக் கெடுக்காது. கொல்லங்கோடு இப்படி ஆனது:

&#2965;&#3018;&#2994;&#3021;&#2994;&#2969;&#3021;&#2965;&#3019;&#2975;&#3009;

பதினோரு எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு குறிகள், ஆக 77. திரையில் அழகான தமிழ். பின்பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் பேரேடு. பிழை திருத்த வேண்டுமென்றால் எந்த எண் எந்த எழுத்து என்று மனப்பாடம் இருக்க வேண்டும்.

பலர் இதை விரும்பி எழுதவில்லை. பிரவுசரே எழுதிக் கொடுத்தது. மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் இருந்த ஒரு பக்கத்தின் படிவத்தில் யாராவது யூனிகோடுத் தமிழில் தட்டெழுதி அனுப்பினால், அந்தக் குறியேற்றத்தில் அடங்காத எழுத்தை எல்லாம் பிரவுசர் இப்படி எண்ணாக மாற்றிச் சர்வருக்கு அனுப்பும். தரவுத்தளத்தில் எண்ணாகவே பதிந்துவிடும். 255 குறிக்கு இடம் விட்ட தலைப்புப் பெட்டியில் ஏறத்தாழ 36 குறியெண்தான் கொள்ளும். நீண்ட தலைப்பின் கடைசி எண் பாதியில் அறுந்து நிற்கும். அந்த ‘ஈ’ப் பொறிக்கு மருந்தான மாற்றுக்குறிச் செயற்கூறை இங்கே போட்டால் வேறு வினை வரும். உம்மைக்குறியே மாற்றுக்குறியாகி, திரையில் தமிழுக்குப் பதில் அந்த 77 குறிகளும் அப்படியே வந்து நிற்கும்.

அதே யூனிகோடு எண்களை யூடிஎஃப்-8 என்ற முறையில் நேராக எழுதினால் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு மூன்று பைட்டு, கொல்லங்கோட்டுக்கு 33. பின்பக்கத்தைத் திறந்தால் கொல்லங்கோடு என்றே இருக்கும். 2003 செப்டம்பர் 30 அன்று பிறந்த தமிழ் விக்கிப்பீடியா, பிஎச்பியில் எழுதிய மீடியாவிக்கி மென்பொருளில் யூனிகோடிலேயே வளர்ந்தது. அதே காலத்தில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் காசி ஆறுமுகம் அமைத்த தமிழ்மணம் அவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. சர்வர் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துத் தொகுப்பதென்றால் எல்லோரும் ஒரே குறியேற்றத்தில் எழுத வேண்டும். மேடைத் தீர்மானங்களுக்கு வராத ஒற்றுமை இந்தத் தேவையால் வந்தது. தமிழக அரசு யூனிகோடைத் தகுதரமாக அறிவித்தது 2010 ஜூன் 23 அன்று. கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாள் அது. டேஸ்16 என்ற இன்னொரு முறையும் மாற்றாக அதே ஆணையில் இடம் பெற்றது.

யூடிஎஃப்-8 வந்த பிறகும் சர்வர்கள் உடனே திருந்திவிடவில்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறியும் திரும்பத் திரும்ப வரும் ஒரு குப்பைப் பக்கத்தைத் தமிழர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்தின் முதல் இரண்டு பைட்டும் மேற்கு ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கப்பட்டதால் வந்த கோலம் அது. பிஎச்பியின் மாற்றுக்குறிச் செயற்கூறுகள் யூடிஎஃப்-8ஐத் தம் இயல்பாக ஏற்றது 2012இல் வந்த 5.4 பதிப்பில்தான். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் மேற்கு ஐரோப்பிய இயல்பை விட்டது 2018இல் வந்த 8.0 பதிப்பில்.

384 எண் தள்ளி

பாலக்காட்டுக் கொல்லங்கோட்டுக்கு இந்த மாற்றம் இன்னொரு வகையிலும் முக்கியமானது. அது மலையாளமும் தமிழும் அடுத்தடுத்த வீட்டில் பேசும் எல்லைப்பகுதி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத இடம் தந்தது. தாளில் இது எளிது. எழுத்துருக் காலத்துக் கணினியில் இயலாத காரியத்துக்குக் கொஞ்சம் பக்கம். தமிழ் எழுத்துருக்கள் எடுத்துக்கொண்ட அதே இடங்களில்தான் மலையாளக்காரர்களும் தங்கள் உருவங்களை வைத்திருந்தார்கள். தமிழும் மலையாளமும் ஒரே வரியில் வந்தால் சொல்லுக்குச் சொல் ஃபாண்ட் கட்டளை மாற வேண்டும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எது எந்த மொழி என்றே தெரியாது.

யூனிகோடில் இரண்டுக்கும் தனி அறை. அந்த அறைகளின் அமைப்பு ஒன்றுதான். இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரிசை என்று 1988இல் வகுத்த இஸ்கி முறையை அடியொற்றி யூனிகோடு அமைந்ததால், தமிழ் எழுத்தின் எண்ணோடு 384ஐக் கூட்டினால் அதற்கு நேரான மலையாள எழுத்தின் எண் வந்துவிடும். தமிழ் ‘க’ 2965. மலையாளக் ககரம் 3349. மேலே பட்டியலிட்ட பதினோரு எண்களில் முதல் பத்தோடு 384ஐக் கூட்டினால் மலையாளக் கொல்லங்கோட்டின் முதல் பத்து எண்களும் அப்படியே கிடைக்கும். பதினோராவது மட்டும் வேறு. தமிழில் அங்கே உகரக் குறி, 3009. இன்றைய மலையாளத்தில் அங்கே சந்திரக்கலை, 3405. பேச்சில் இரு மொழிக்காரர்களும் அந்த இடத்தில் இதழ் குவியாத அதே குற்றியலுகரத்தைத்தான் ஒலிக்கிறார்கள். தமிழ் அதை உகரம் போட்டு எழுதுகிறது, மலையாளம் புள்ளி போல ஒன்றை வைத்து எழுதுகிறது.

மலையாளத்துக்கு வேறொரு வகையில் அடி விழுந்தது. ‘அவன்’ போன்ற சொற்களின் இறுதியில் வரும் சில்லெழுத்துக்கு முதலில் தனி எண் இல்லை. மெய், சந்திரக்கலை, அதன்பின் 8205 என்ற எண்ணுள்ள கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் அது உருவாயிற்று. வருகிற எழுத்தில் தெரியாத குறிகளை எல்லாம் துடைத்துவிடும் நிரல் ஏதாவது சர்வரில் இருந்தால், இணைப்புக்குறியும் துடைபட்டுச் சில்லெழுத்து உடைந்துபோகும். 2008இல் வந்த யூனிகோடு 5.1 சில்லெழுத்துகளுக்குத் தனி எண் தந்தது. அதையொட்டிக் கேரளத்தில் நடந்த வாதம் ஓய நெடுநாள் ஆயிற்று. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் எழுதிய கருவிக்கு ‘பய்யன்ஸ்’ என்று பெயர். பாரதப்புழைக் கரையின் எழுத்தாளர் வி.கே.என். படைத்த பாத்திரத்தின் பெயர் அது.

துப்புரவும் சந்தியும்

எழுத்து சரியான பிறகு மிச்சமிருந்தது பக்கத்தின் அமைப்பு. மூடாத கட்டளை, தவறாகப் பின்னிய கட்டளை, எதற்கென்றே தெரியாத காலிக் கட்டங்கள். உலகளாவிய வலைக் கூட்டமைப்பைச் சேர்ந்த டேவ் ராகெட் எழுதிய டைடி என்ற கருவி இவற்றைச் சரிசெய்து, உள்தள்ளி, ஒழுங்காக எழுதித் தந்தது. விக்கிப்பீடியாவின் சர்வர்களும் நெடுங்காலம் அதைத்தான் நம்பியிருந்தன. பயனர் மூட மறந்த கட்டளையை அது ஓசையில்லாமல் மூடிவிடும். 2018இல் அதை எடுத்துவிட்டுப் புதிய எச்டிஎம்எல் விதிகளின்படி நடக்கும் வேறொரு கருவியை வைத்தார்கள். அதற்கு முன், எந்தெந்தப் பக்கத்தில் என்னென்ன பிழை என்று பட்டியலிடும் வசதியை எல்லா மொழி விக்கிகளுக்கும் தந்தார்கள். டைடி மறைத்து வைத்திருந்த பிழைகள் தமிழ் விக்கியிலும் பட்டியலில் ஏறின. திருத்தியது ஆட்கள்தான்.

துப்புரவாக எழுதுவது என்றால் என்ன என்பதில் தமிழ் தனக்கே உரிய ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறது. கொல்லங்கோட்டு என்பதை மட்டும் சுட்டியாக்கி, ‘க்கு’ என்ற வேற்றுமை உருபைச் சுட்டிக்கு வெளியே விட்டு ஒருவர் எழுதியிருக்கலாம். அழகுபடுத்தும் கருவி ஒன்று, கண்ணுக்கு இதமாக இருக்கட்டுமென்று, சுட்டியை ஒரு வரியிலும் மிச்சத்தை அடுத்த வரியிலும் வைத்தால் போதும். எச்டிஎம்எல்லில் வரி முறிவு ஓர் இடைவெளிக்குச் சமம். வாசகருக்குக் ‘கொல்லங்கோட்டு க்கு’ என்று தெரியும். ஆங்கிலத்தில் உருபு தனிச் சொல்லாக நிற்பதால் இந்தக் கோளாறு அங்கே அரிது.

இதைவிட எங்கும் காண்பது வார்ப்புருக்களின் தமிழ். பயணச்சீட்டுத் தளம் ஒன்றின் நிரலில் ஊர்ப் பெயருக்கு ஒரு குழி, அதையடுத்து ‘இல் இருந்து’, இன்னொரு குழி, அதையடுத்து ‘க்கு’ என்று வைத்திருப்பார்கள். வெளியே வருவது: கொல்லங்கோடு இல் இருந்து பொள்ளாச்சி க்கு. எச்டிஎம்எல் துப்புரவாகத்தான் இருக்கும். பிழை சொல்லும் எந்தக் கருவிக்கும் அதில் குறை தெரியாது. ஆனால் கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு என்று எழுதத் தெரியாத பக்கம் அது. பின்னிய மொழி போல உருபேற்றால் சொல் மாறும் மொழிகளுக்காக மீடியாவிக்கியில் இலக்கண விதிகளை எழுதி வைக்க இடமுண்டு. அது இல்லாத இடத்தில் எளிய வழி, வாக்கியத்தையே மாற்றுவது: ‘புறப்படும் ஊர்: கொல்லங்கோடு, சேரும் ஊர்: பொள்ளாச்சி.’ குழியில் எந்த ஊர் விழுந்தாலும் சந்தி கெடாது. தமிழ் தெரிந்த ஒருவர் நிரலாளர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தீரும் வேலை இது.

பழைய பெட்டிகள்

நகரும் எழுத்துருவை நம்பிய பக்கங்களுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. நெட்ஸ்கேப்பின் வகை 2000இல் வந்த நெட்ஸ்கேப் 6 பதிப்பிலேயே போயிற்று. இன்னொரு வகையைப் படிக்கத் தெரிந்த ஒரே பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது. தமிழ்ப் பக்கங்களும் குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் காப்பாற்றி வைத்திருப்பது பைட்டுகளைத்தான். எழுத்துரு கையில் இல்லாமல் அவற்றைத் திறந்தால் ஐரோப்பியக் குப்பைதான் தெரியும்.

மதுரைத் திட்டம் தன் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பாமினியையும் டிஸ்கியையும் நொடியில் யூனிகோடாக்கித் தந்தன. சிறு இதழ்கள், ஊர்ச் சங்கங்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கோவில் வரலாறுகள் ஆகியவை எத்தனையோ வன்தட்டுகளிலும் குறுந்தகடுகளிலும் இன்னும் பழைய உருவிலேயே கிடக்கின்றன. அவை உங்கள் வீட்டில் இருந்தால், மாற்றித் தரும் கருவிகள் கைக்கு எட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். கோப்பைத் திறந்ததும் பொருளில்லாத ஆங்கிலம் தெரிகிறது என்று அழித்துவிட வேண்டாம். சிறிய என்னில் தொடங்கிப் பெரிய எல்லில் முடியும் பன்னிரண்டு குறிகள், நடுவே இரண்டு அரைப்புள்ளிகள் என்று ஒரு சொல் கண்ணில் பட்டால், அது பாமினியில் இருக்கும் கொல்லங்கோடு.